உங்களுக்குத் தெரியுமா? மிஸ்ஸியின் கையில் இருக்கும் சட்டங்கள்

● கோல சிலாங்கூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டுக் காத்திருந்து சலித்தால், யாரிடம் புகார் சொல்ல வேண்டுமோ அந்தச் சுகாதார அமைச்சர் அவர்களுடைய சொந்த எம்.பி. டாக்டர் சுல்கிப்ளி அஹ்மாட் 2018-இல் ஒரு முறையும் 2023 டிசம்பரில் மறுபடியும் அந்த நாற்காலிக்கு வந்தவர். 2022 பொதுத் தேர்தலில் தெங்கு சஃப்ருலை அவர் வென்றது 1,002 ஓட்டு வித்தியாசத்தில்தான். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருப்பதால் ஊசி போடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் படித்தது நச்சியல். கீழே பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் கதை வரும்போது இது உதவும்.

● அவர் காலத்தில் தாதியர் சங்கம் நடத்திய பெரிய இழுபறி, வாரத்துக்கு மூன்று மணி நேரம் பற்றியது. 2024 டிசம்பரில் அரசு ஊழியர்களுக்குப் புதிய சம்பள முறை வந்தபோது, ஷிப்ட் பார்க்கும் வார்டு தாதியருக்கு 42 மணி நேர வாரம் 45 ஆகும் என்றார்கள். மலாயா தாதியர் சங்கம் விடவில்லை. அமலாக்கம் தள்ளிப்போடப்பட்டது, கடைசியில் 2025-இல், 42 மணியே தொடரும் என்ற அறிவிப்பு வந்தது. மூன்று மணி நேரம் என்ன பெரிதா என்று கேட்பவர்கள் ஐம்பத்திரண்டால் பெருக்கிப் பார்க்கலாம். வருடத்துக்கு 156 மணி, அதாவது ஏறக்குறைய நான்கு வார வேலை. தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் இராத்திரி ஷிப்ட் முடித்து, பெஸ்தாரி ஜெயாவுக்கு மோட்டார் ஓட்டிக்கொண்டு திரும்பும் பெண்ணுக்கு அது தூக்கத்தில் கழிய வேண்டிய நேரம்.

● அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், ஒரு தாதிக்கு எத்தனை நோயாளி என்பதையே சட்டமாக்கியது. தாதியர் சங்கம் பல ஆண்டுகள் போராடி 1999-இல் அந்தச் சட்டம் நிறைவேறியது. 2004-இல் நடப்புக்கு வந்தது. நம் நாட்டில் அப்படிச் சட்டம் கிடையாது.

● நம் தாதியர் சட்டம் 1950-இல் பிறந்தது. மெர்டேக்காவுக்கு ஏழு வயது மூத்தது. அந்தச் சட்டப்படி அமைந்த மலேசியத் தாதியர் வாரியத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? சுகாதாரத் தலைமை இயக்குநர். அந்தப் பதவியில் உட்காருகிறவர் மருத்துவர். தாதியின் பதிவும் வருடா வருடம் அவள் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழும் தாதி அல்லாத ஒருவரின் தலைமையில்தான் தீர்மானமாகின்றன. மருத்துவர் மன்றத்துக்குத் தாதி ஒருத்தி தலைவராக இருந்தால் என்ன கூச்சல் எழும் என்று நினைத்துப் பாருங்கள்.

● மாநில அரசு நினைத்தால் நாளைக்கே ஈஜோக் கிளினிக்குக்கு நாலு தாதிகளை நியமித்துவிடலாம் என்று தேர்தல் கூட்டங்களில் பேசுவார்கள். முடியாது. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மருத்துவமும் சுகாதாரமும் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. பொதுச் சுகாதாரமும் நோய்த்தடுப்பும் மட்டும் இருவருக்கும் பொதுவான பட்டியலில் வருகின்றன. அதனால்தான் சிலாங்கூர் அரசு 2017-இல் 'பெடுலி சிஹாட்' போல மருத்துவ அட்டை கொடுத்தது. சொந்த ஆஸ்பத்திரி கட்டவில்லை. அட்டை கொடுப்பது மாநிலம், தாதியை அனுப்புவது புத்ராஜெயா.

● 2008-இல் சிலாங்கூர் ஆட்சிக்குழுவில் ஒரே ஆளிடம் சுகாதாரமும் தோட்டத் தொழிலாளர் விவகாரமும் வறுமை ஒழிப்பும் சேர்த்துத் தரப்பட்டன. பொறுப்பேற்றவர் டாக்டர் சேவியர் ஜெயகுமார். தொழிலால் பல் மருத்துவர். தோட்டத்தையும் ஆரோக்கியத்தையும் ஒரே மேசையில் வைத்த அந்த யோசனை நல்ல யோசனை. ஏன் என்பதற்கு நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

● 1911-இல் மலாய் ஐக்கிய மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் ஆயிரம் பேருக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் அந்த ஒரே வருடத்தில் இறந்தார்கள். பெரும்பாலும் வேலை செய்யும் வயதில் கப்பல் ஏறி வந்தவர்கள் அவர்கள். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலமும் அதுதான்.

● மலேரியாவைப் புரிந்துகொள்ள முயன்றவர்களில் முக்கியமானவர் மால்கம் வாட்சன். 1901-இல் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்தார். அதே வருடம் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறந்த கையோடு மலேரியா வந்து வேலையே நின்றது. வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டச் செய்தார். காய்ச்சல் இறங்கியது. கரையோரத் தோட்டங்களிலும் இந்த வழி பலித்தது. ஆனால் உள்நாட்டு மலைத் தோட்டங்களில் இதையே செய்தபோது காய்ச்சல் ஏறியது! கரையோரக் கொசு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும். மலைப்பக்கத்துக் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடையைத் தேடிப் போகும். காட்டை வெட்டியபோது மனிதர்களே அதற்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வகைக் கொசுவுக்கும் அதனதன் வைத்தியம் என்ற பாடம் சிலாங்கூரில் இப்படித்தான் கற்கப்பட்டது. வாட்சன் 1911-இல் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார்; முன்னுரை கொடுத்தவர், கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டு நோபல் பரிசு வாங்கிய ரொனால்ட் ராஸ்.

● அந்தக் காலத் தோட்டத்தில் தாதி கிடையாது. இருந்தவர் டிரசர். விடியுமுன் பெரட்டுக்கு ஆட்கள் வரிசை கட்டும்போது, பேர் கூப்பிடும் கிராணிக்குப் பக்கத்தில் கொயினா மருந்தோடு நிற்பார். வாயில் போட்டு விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் ஆளை விடுவார். கொயினாவின் கசப்பு காலைத் தேநீரையே கெடுத்துவிடும். பால் வெட்டுக்குப் போகும் வழியில் துப்பிவிடலாம் என்று சிலர் நாக்குக்கு அடியில் ஒதுக்குவார்கள். டிரசருக்கும் அது தெரியும். காய்ச்சலுக்கு மருந்தும் வெட்டுக்காயத்துக்குக் கட்டும் அவர் கையில்தான். அவருக்கு மேலே, மாதத்தில் எப்போதாவது காரில் வந்துபோகும் வெள்ளைக்கார டாக்டர்.

● டிரசருக்கென்று 1965-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது: தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம். அரசு ஆஸ்பத்திரிகளில் இதே மாதிரி வேலை செய்த மருத்துவ உதவியாளர்களுக்கான பதிவுச் சட்டம் 1977-இல்தான் வந்தது. தோட்டம் எதிலாவது நாட்டை முந்தியது என்றால் அதில் இதைச் சேர்க்கலாம்.

● இன்னொன்றில் நம் வட்டாரமே நாட்டை முந்தியது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், 1917-இல் நடப்பட்ட தென்னமரம் எஸ்டேட். நட்டவர் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை. 1930-இல் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதிப் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கிவிட்டார். துரைக்கு இலக்கியப் பரிசு. பரட்டைச் செம்பனை ஓலையின் முள் குத்திச் சீழ் வைத்த கைக்கு டிரசரின் அயோடின்.

● ஆயாக்கொட்டகைக்குப் பின்னாலும் சட்டம் இருக்கிறது. அம்மாக்கள் பால் வெட்டப் போனதும் கைக்குழந்தைகளைத் தூளியில் போட்டு ஆட்டிய அந்த ஓலைக் கூரை, துரையின் கருணையால் வந்ததில்லை. தோட்டத்தில் சின்னஞ்சிறு குழந்தைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் பராமரிப்பு இடம் வைக்கச் சொல்லி முதலாளிக்கு உத்தரவிடத் தொழிலாளர் இலாகாவுக்கு அதிகாரம் உண்டு. 1990-இல் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டத்திலும், அதாவது நாம் சொல்லும் 446-ஆம் சட்டத்திலும், அது தொடர்கிறது. நீளப் பெயரை யார் சொல்கிறார்கள்!

● மெர்டேக்காவுக்குப் பிறகு முதல் சுகாதார அமைச்சர் ஒரு தமிழர். துன் வீ.தி. சம்பந்தன், 1957 முதல் 1959 வரை. பின்னர் அவர் பெயர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தோடு ஒட்டிக்கொண்டதால் இது பலருக்கு மறந்துவிட்டது. 2013 முதல் 2018 வரை டாக்டர் ச. சுப்பிரமணியமும் அதே நாற்காலியில் இருந்தார்.

● இப்போது கதையின் முக்கிய இடத்துக்கு வருவோம். 1953-இல் கெடா ஜித்ராவில் கிராமச் சுகாதாரப் பயிற்சி மையம் திறந்தது. அதைத் தொடர்ந்து நாடெங்கும் ஒரு திட்டம் விரிந்தது. 50,000 பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், அதற்குக் கீழே நான்கு துணை நிலையங்கள், அதற்கும் கீழே 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி. மருத்துவச்சி குடியிருக்கும் வீட்டிலேயே கிளினிக். எழுபதுகளில் இந்த மூன்றடுக்கை இரண்டடுக்காக்கி, மருத்துவச்சிகளுக்கு மறுபயிற்சி கொடுத்துக் கிராமத் தாதிகளாக உயர்த்தினார்கள். ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒரு 'கிளினிக் டேசா'. இன்று நாடு முழுக்க 1,700-க்கும் மேல் இருக்கின்றன. சபாக் பெர்ணம் வயல் பக்கம் போனால் வரப்போரத்தில் அந்தச் சிறிய கட்டடத்தைப் பார்க்கலாம்.

இவ்வளவு அழகான திட்டம் தோட்டத்து வாசலில் வந்து நின்றுவிட்டது. காரணம் எளிது. கம்பம் அரசாங்கத்தின் பொறுப்பு. எஸ்டேட் தனியார் நிலம், உள்ளே இருப்பவர்களின் ஆரோக்கியம் முதலாளி பொறுப்பு. கேட்டில் ஜாகா உட்கார்ந்திருப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் கம்பத்துப் பெண்ணின் வீடு தேடி மருத்துவச்சி சைக்கிளில் போவாள். இந்தப் பக்கம் லயத்தில் பிரசவ வலியெடுத்தவளுக்கு எஸ்டேட் லாரி கிடைக்குமா என்று கிராணி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஐம்பது, அறுபதுகளில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துண்டு வாங்கிய சின்ன முதலாளிகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தும் எண்ணமே இல்லை. தோட்ட ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த இடைவெளியில்தான், மெல்ல மெல்ல, அரசுத் தாதி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள்.

● வந்த தாதியைத் தோட்டத்து ஜனங்கள் 'மிஸ்ஸி' என்றார்கள். பத்திரிகையில் 'தாதி' என்று எழுதுகிறோம். வாயில் இன்றும் மிஸ்ஸிதான்.

● கர்ப்பிணியின் பிங்க் புத்தகத்தில் மிஸ்ஸி ஒட்டும் வண்ண ஸ்டிக்கருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? வெள்ளை என்றால் கவலை இல்லை, தாதியே பார்த்துக்கொள்வாள். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போயாக வேண்டும். சிவப்பு என்றால் வீட்டுக்குப் போய்ப் பை எடுத்து வருகிறேன் என்ற பேச்சே கூடாது, அப்படியே ஆம்புலன்ஸ். பேராக் கிரியான் வட்டாரத்தில் எழுபதுகளின் கடைசியில் தொடங்கிய சோதனை முயற்சியில் வேர்விட்டு, 1989 முதல் இந்த வண்ண முறை நடப்பில் இருக்கிறது. இதன் சிறப்பு என்னவென்றால், யாரை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை இது தாதியின் கையில் கொடுத்தது. சிவப்பு ஒட்டியபின் எந்த மாண்டோரும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்ல முடியாது. மாமியாரும்தான்.

● குழந்தை பிறந்தபின் வீடு தேடி வரும் நாட்களுக்கும் அட்டவணை உண்டு: 1, 2, 3, 4, 6, 8, 10, 20. முதல் நாலு நாள் விடாமல் வருவாள். தாயின் வயிற்றைத் தொட்டுக் கருப்பை சுருங்குகிறதா என்று பார்ப்பாள், தையலைப் பார்ப்பாள், கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்துவாள். குழந்தையின் தோலை விரலால் லேசாக அழுத்தி எடுப்பாள். எடுத்த இடம் மஞ்சளாகத் தெரிந்தால் அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரிக்கு போன். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று பாட்டி சொல்வார். மிஸ்ஸி தலையாட்டிக்கொண்டே போன் பேசுவாள்.

● மருத்துவச்சிகள் சட்டம் 1966-இல் வந்தது. கம்பங்களில் வழிவழியாகப் பிரசவம் பார்த்து வந்த பாட்டிகளைச் சட்டம் துரத்தவில்லை. ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னது. பயிற்சி பெற்ற மருத்துவச்சி அவர்களோடு போட்டி போடாமல் கூட்டுச் சேர்ந்தாள். பிரசவத்தை அவள் பார்ப்பாள். எண்ணெய் தேய்ப்பு, பத்தியச் சாப்பாடு, வயிற்றுக் கட்டு எல்லாம் பாட்டி பார்ப்பார். ஒரு தலைமுறைக்குள் வீட்டுப் பிரசவம் அபூர்வமாகிவிட்டது.

● பலன்? மெர்டேக்கா சமயத்தில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஏறக்குறைய 280 தாய்மார்கள் இறந்தார்கள். 1990-இல் அது 20 அளவுக்கு இறங்கியதாகக் கணக்கு சொன்னது. அடுத்த வருடமே 44 என்று ஏறியது. பயப்பட வேண்டாம்; 1991-இல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் பெயர் வெளியிடாமல் தனித்தனியாக விசாரிக்கும் முறை தொடங்கியது. அதுவரை விட்டுப்போன மரணங்களும் கணக்கில் ஏறின. தன் எண் கெட்டுப்போகும் என்று தெரிந்தும் சரியாக எண்ணத் துணிந்த இலாகாவைப் பாராட்டத்தான் வேண்டும். கோவிட் உச்சத்தில், 2021-இல், அது 68.2-க்குத் தாவியது தனி வேதனை.

● மலேசியாவும் இலங்கையும் தாய் மரணத்தை எப்படிக் குறைத்தன என்று உலக வங்கி 2003-இல் ஒரு புத்தகமே வெளியிட்டது. முதல் ஆசிரியர் மலேசியப் பொதுச் சுகாதார மருத்துவர் இந்திரா பத்மநாதன். பணக்கார நாடாகும்வரை காத்திருக்காமல், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளைக் கிராமத்துக்கு அனுப்பியதுதான் இரண்டு நாட்டுக்கும் பொதுவான கதை. கொழும்பில் இருந்தாலும் கோலாலம்பூரில் இருந்தாலும் சிக்கல் மட்டும் ஒரே இடத்தில்தான்: தோட்டத்தில்.

● பாராகுவாட். செம்பனைக்கு அடியில் களை எரிக்க முதுகில் தொட்டி சுமந்து மருந்து அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நகம் கருத்து உதிரும், மூக்கில் ரத்தம் வடியும், தோல் வெந்துபோகும். வயிற்றுக்குள் போனால் மாற்று மருந்தே கிடையாது. மூச்சுத் திணறுகிறது என்று ஆக்சிஜன் வைத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும்; வார்டில் தாதிகள் கை கட்டப்பட்டு நிற்க வேண்டிய விஷம் அது. ஐரின் பெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் தோட்டப் பெண்களின் நச்சுப் பாதிப்பைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே வருடம் அரசு தடையை அறிவித்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. ஸ்வீடன் 1983-இலேயே நிறுத்திவிட்டது.

தடை வந்தபோது சுகாதார அமைச்சராக இருந்தவர் நச்சியல் படித்த நம் கோல சிலாங்கூர் எம்.பி. ஆனால் பூச்சிமருந்துகளை அனுமதிப்பதும் தடுப்பதும் விவசாய அமைச்சின் கீழ் இயங்கும் வாரியம். நோய் ஓர் அமைச்சில், நோய் தரும் மருந்து இன்னோர் அமைச்சில்.

● பிரசவ விடுப்பு தனியார் துறையில் 60 நாளாக இருந்தது 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாகியது. அப்பாவுக்கும் ஏழு நாள்.

● பள்ளிக்கூடத்துக்கு மிஸ்ஸி வந்து போடும் ஊசிகளில் ஒன்று கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. 2010 முதல் 13 வயது மாணவிகளுக்கு இலவசம். தமிழ்ப்பள்ளி முடித்து முதல் படிவம் போகும் பிள்ளைகள் அந்த வருடம் புதுச் சீருடையோடு இதையும் எதிர்கொள்வார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடத் தயங்கும் பெற்றோர் இதைப் படித்தாவது போடட்டும்.

● 2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா பதிவாகவில்லை. குரங்கிலிருந்து வரும் 'நோலெசி' வகை மட்டும் விடவில்லை. உலு சிலாங்கூர்க் காட்டோரங்களிலும் உண்டு. வாட்சனுக்கு அது வேறு கொசு, வேறு பாடமாக இருந்திருக்கும்.

● லயங்களில் இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். சொக்சோ பாதுகாப்பு அவர்களுக்கு 2019 ஜனவரி 1-இல்தான் விரிந்தது. தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டும் என்றிருந்த 446-ஆம் சட்டமும் 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் எல்லாத் தொழில்களின் விடுதிகளுக்கும் பொருந்தியது. திருத்தம் நடப்புக்கு வந்த சில மாதங்களில் கிள்ளான் வட்டாரக் கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் கோவிட் பரவியபோதுதான் அந்தச் சட்டத்தின் பெயர் செய்திகளில் அடிபட்டது.

● அரசுக் கிளினிக்கில் சீட்டு எடுக்கக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. 1982-ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண உத்தரவில் இருந்து வருகிறது அந்த ஒரு வெள்ளி. அதற்குள் தேத்தாரேயின் விலை எத்தனை தடவை ஏறிவிட்டது. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதுவும் இல்லை. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் சரியாகப் பதியாமல் நீல ஐசி கிடைக்காதவர்கள் மட்டும் அதே கவுண்டரில் வெளிநாட்டவர் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். தாத்தா பெயர் தென்னமரம் பெரட்டுப் புத்தகத்தில் இருந்தாலும் கவுண்டரில் கேட்பது ஐசியைத்தான்.